எடுத்து வைத்த அரிசி

உடல் எடையைக் குறைப்பது பற்றி இன்று யார் எழுதினாலும், முதல் வேலையாக அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். காவாந்தண்டலத்தில் வீடு வைத்துக்கொண்டு அதைச் செய்ய எங்களுக்கு வாய் எழவில்லை. ஒருபுறம் செய்யாறு, மலைபடுகடாம் சேயாறு என்று சுட்டும் அதே ஆறுதான், ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. மற்றப் புறங்களில் நெல்வயல். அரிசியைப் பழித்துவிட்டு அடுத்த வயல்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் மூன்றாண்டுகளாக எங்கள் வீட்டு உலையில் அரிசி குறைந்திருக்கிறது. எங்கள் எடையும் குறைந்திருக்கிறது. இரண்டுமே மெதுவாக. அந்த மெதுவைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர், மற்றவர் பள்ளியில் கணக்கு நடத்துபவர். எங்களோடு, எங்களில் ஒருவருக்கு அம்மாவும் மற்றவருக்கு அத்தையுமான அம்மா. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன். 2022 இறுதியில் எடுத்த பரிசோதனையில் ஒருவர் எடை 84 கிலோ, மற்றவர் 73. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒருவருக்கு 6.2. நீரிழிவு என்று சொல்ல 6.5 ஆக வேண்டும். இது அதன் வாசற்படி. வேறொரு குடும்பத்தில் இந்த எண் ஒரு சாதாரணத் தகவலாக இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அப்பாவும் அவருடைய தம்பியர் இருவரும் சர்க்கரை நோயர். மூவரில் ஒருவரும் 62 வயதைத் தாண்டவில்லை. சின்னவருக்கு இறப்பதற்கு ஈராண்டு முன்பு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அந்த வீட்டிற்கு ஊன்றுகோல் வந்திறங்கிய நாளை எங்கள் மகன் இன்னும் மறக்கவில்லை. அப்போது அவனுக்கு ஆறு வயது.

தமிழ்நாட்டில் இது ஒரு வீட்டுக் கதையன்று. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று கணித்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர். பருமனானவர்கள்தாம் அஞ்ச வேண்டும் என்பதும் நம் விஷயத்தில் பொய். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடலிலுள்ள கொழுப்போ வெள்ளையருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு நம் இனத்துச் சொத்து. அதனால்தான் மேலைநாட்டில் 25க்கு மேல் கூடுதல் எடை என்றால், நமக்கு 23லேயே எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நமக்கு வரைந்த கோடு. நாடாவை எடுத்து அளந்து பார்த்தோம். எங்களிருவரில் ஒருவரும் கோட்டுக்குள் இல்லை.

முதல் மாதம் எதையும் குறைப்பதில்லை, அளப்பது மட்டும் என்று முடிவு செய்தோம். இது எங்களில் கணக்காசிரியரின் யோசனை. பகல் உணவுக்கு அம்மா உலையில் இடுவது நான்கு ஆழாக்கு, அதாவது அரைப்படி. எங்கள் பித்தளை ஆழாக்கில் தலைதட்டி அளந்த அரிசியை நிறுத்தால் ஏறக்குறைய 140 கிராம். கிட்டத்தட்ட 500 கலோரி. ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்றால், குழம்பும் பொரியலும் சேராமல் பகல் சோறு மட்டுமே 500. எண்ணெய் மாதத்துக்கு ஐந்து லிட்டர், செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய். அதை ஆளுக்கும் நாளுக்கும் வகுத்தால் 38 கிராம் வந்தது. கொழுப்பு ஒரு கிராம் 9 கலோரி. ஆக ஒருவர் நாள்தோறும் எண்ணெயாக மட்டும் உண்பது 340. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய் 27 கிராம், காய்கறி 400 கிராம் என்றிருக்கிறது. எங்கள் தட்டில் எண்ணெய் ஒன்றரை மடங்கு; காய்கறியோ பாதிகூட இல்லை. காய் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாக ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

எண்ணெயைக் குறைப்பது எளிதாக முடிந்தது. அம்மாவின் கைத்திறன்தான் காரணம். அவரைக்காயோ கொத்தவரையோ இரும்பு வாணலியில் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து மேலே கொட்டிக் கிளறுகிறார். முதலிலேயே ஊற்றிய எண்ணெய் காய்க்குள் போய்விடும். கடைசியில் ஊற்றியது நாவில் நிற்கும். மணம் குறையவில்லை. தோசைக்கல்லுக்கு வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுத் தடவுவது அவர் தாயார் செய்தது, மறுபடி வந்துவிட்டது. சட்னியில் தேங்காய் பாதி, பொட்டுக்கடலை பாதி. கீரை கடைசலுக்கு எண்ணெய் என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. பூண்டும் பச்சைமிளகாயும் சேர்த்து வேகவைத்துச் சட்டியில் மத்தால் மசித்தால் போதும். சுரை, பீர்க்கு, புடலை, பூசணி எல்லாமே பெரும்பாலும் தண்ணீர். வயிற்றை நிரப்பும், கணக்கை நிரப்பாது. பாசிப்பருப்பு சேர்த்த கூட்டாக ஆளுக்கொரு கிண்ணம், சோறு தட்டில் விழுவதற்கு முன்பே உண்டுவிடுவது வழக்கமாயிற்று. உப்பைக் கூட்டி ருசியை ஈடுகட்டும் ஆசை எழும். அந்த இடத்தில் மிளகும் எலுமிச்சையும் உதவின. காரக்குழம்பு மட்டும் வழிக்கு வரவில்லை. எண்ணெய் மிதக்காத காரக்குழம்பு காரக்குழம்பே அன்று என்பது அம்மாவின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு நாங்கள் துணியவில்லை. வாரம் இருமுறை வைத்தது ஒருமுறையானது, அவ்வளவே. மாத எண்ணெய் மூன்று லிட்டரில் வந்து நின்றது.

சிறுதானியத்துக்கு மாறச் சொல்லி அறிவுரை வராத நாளில்லை. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினார்கள்; சாமையும் தினையும் பொங்கலாகவும் பாயசமாகவும் மேடையேறின. எங்களுக்கு அவற்றின் மேல் பகையில்லை. ஆடியில் அம்மனுக்கு வார்க்கும் கேழ்வரகுக் கூழைக் குடித்து வளர்ந்தவர்கள்தாம். ஆனால் சாமையரிசி நூறு கிராமும் நெல்லரிசி நூறு கிராமும் கலோரிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. நார்ச்சத்து கூடுதல், பசி சற்றுத் தாமதமாக வரும், அது நல்லதுதான். அளவு குறையாமல் பெயரை மட்டும் மாற்றினால் இடுப்பு குறையாது. 2025இல் வந்த ஆய்வொன்றும் இதையே சொன்னது: இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்து, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் பயனில்லை.

ஆக அரிசியின் அளவில் கைவைத்தே ஆக வேண்டும். அங்கேதான் அம்மா குறுக்கே நின்றார்.

அம்மா பிறந்தது 1956இல். 1965, 66இன் அரிசித் தட்டுப்பாடு அவருக்குப் பாடநூற் செய்தியன்று, பத்து வயதின் பசி. நெல் விளையும் ஊரில் கூலிக்குப் போனவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களிதான். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். 1967 தேர்தலில் காஞ்சிபுரத்து அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னதும், ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படியாகச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியதும் அவர் தலைமுறைக்கு அரசியல் அல்ல, சோறு. 2008இல் நியாயவிலைக் கடையில் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லை. ஒரே ஆயுளில் இத்தனையையும் பார்த்த பெண்ணிடம் போய், உலையில் கால் ஆழாக்கு குறைத்துப் போடுங்கள் என்றால் என்ன பொருள்? அவர் அகராதியில் உலையரிசி குறைவது ஒரே ஒரு காரணத்தால்தான் நிகழும்.

பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது இது நினைவுக்கு வரும். காஞ்சியை நோக்கி நடக்கும் பாணனுக்கு வழிநெடுக, நிலத்துக்கு நிலம், உணவு காத்திருக்கிறது. அந்தணர் வீட்டில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் பக்குவம் செய்த கறிகூட உண்டு. மாணவர்கள் நாவூறிக் கேட்பார்கள். ஆனால் அந்தப் பாணன் பசித்தவன். சுற்றத்தோடு யாழைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடப்பவன். அவனுக்கு இடும் கை இன்றும் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் என்று இலைமேல் குவிக்கிறது. உண்பவன் மட்டும் பேருந்தில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பேருந்தில் திரும்பிவருகிறான்.

நோயாளிக்கான சோற்றுக்கும் அளவு குறித்த மரபு எங்கள் ஆற்றின் போக்கிலேயே இருக்கிறது. செய்யாறு கிழக்கே ஓடிப் பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடம் திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, வீரசோழன் என்ற பெயரில் 15 நோயாளிகள் தங்கும் மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், இரவில் எரியும் விளக்கு என எல்லாவற்றுக்கும் கணக்குண்டு. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி நாழி ஒன்று. மருந்துகளின் பட்டியலும் அதே கல்வெட்டில்தான். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பத்தில் ஆறு குறள்கள் எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்பதையே பேசுகின்றன. இதையெல்லாம் அம்மாவிடம் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார். "வள்ளுவரு நல்லாத்தான் சொல்லியிருக்காரு, அவரு வூட்டு ஒலையில எவ்ளோ போட்டாங்கன்னு சொல்லலியே" என்றார்.

வழி கண்டுபிடித்தவரும் அவரே. அரிசியை அளந்து உலைக்கு எடுத்துப் போகுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் இட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் முன்பு வீடுதோறும் இருந்தது. கோயிலுக்கோ, இல்லாதவர்க்கோ, நாளைய தட்டுப்பாட்டுக்கோ. அவர் மாமியார் காலத்தோடு எங்கள் வீட்டில் அது நின்றுபோயிருந்தது. "கொறைக்கறோம்னு சொல்லாதீங்க, எடுத்து வெக்கறோம்னு சொல்லுங்க" என்றார் ஒருநாள். நான்கு ஆழாக்கை வழக்கம்போல் அளந்து, அதிலிருந்து கால் ஆழாக்கைப் பானையில் போட்டார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கால். ஆறு தவணையில், ஓராண்டில், உலைக்குப் போவது இரண்டரை ஆழாக்கானது. ஒருவருக்கும் பசி தெரியவில்லை. காயும் பருப்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வளரும் பையனுக்கு மட்டும் கேட்ட அளவு உண்டு. அம்மாவும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்; சோறு குறைய மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் அவர் பங்கில் கைவைத்தோம். மாத்திரையோ ஊசியோ எடுக்கும் எவரும் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. பானையில் மாதம் ஆறு கிலோவுக்கு மேல் சேர்கிறது. ஆடியில் கூழ் வார்க்கும்போது அதிலிருந்துதான் நொய் உடைத்துக் கொடுக்கிறார். மீதம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி வீட்டுக்குப் போகிறது.

கணக்காசிரியரின் நோட்டுப்படி, சோற்றிலும் எண்ணெயிலுமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 325 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பதால் மாதம் ஒன்றேகால் கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது அதில் பாதிகூட இல்லை. ஒருபக்கம் எடுத்ததை மறுபக்கம் பருப்பாகவும் காயாகவும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தோம். உடலும் எடை குறையக் குறையத் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. முதலாண்டில் 84 என்பது 78.5 ஆனது. அடுத்த ஆண்டில் இரண்டு கிலோ. இடையில் நான்கு மாதம் முள் அசையவே இல்லை. பொதுவாக இங்கேதான் எல்லாரும் கைவிடுகிறார்கள். எங்களைத் தாங்கியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் கொடுத்தவர்களிடமும் ஏறக்குறைய அவ்வளவே. வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடைக்கருவிக்குத் தெரியாத நன்மை உடலுக்குள் நடக்கிறது. அந்த நான்கு மாதமும் எடைக்கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மாலையில் ஆற்றங்கரை வரை நடந்தோம்.

2025இல் எடை குறைக்கும் ஊசிகள் நம் சந்தைக்கும் வந்துவிட்டன. தேவைப்படுவோருக்கு மருத்துவர் எழுதித் தரட்டும். அதில் இழிவேதும் இல்லை. எங்களுக்கு இதுவரை ஆழாக்கு போதுமாக இருக்கிறது. இன்று ஒருவர் 76, மற்றவர் 67.5. மூன்று மாதச் சர்க்கரை 5.8, வாசற்படியை விட்டு இறங்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. இடுப்பு நாடா இன்னும் கோட்டைத் தாண்டியே நிற்கிறது.

இரவுத் தோசையை நாங்கள் இன்னும் தொடவில்லை. ஆளுக்கு நான்கு என்பது மூன்றாகலாமா என்று சென்ற வாரம் மெல்லக் கேட்டுப் பார்த்தோம். மாவு ஏற்கெனவே அரைத்தாயிற்று, தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா தவணை கேட்டிருக்கிறார்.