கம்பியிற் படரும் பேரி மரம்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலைக்குச் செல்லும் பாதை தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறுகின்றது. ஒன்பது சிகரங்கள் என்னும் பொருளுடையது இவ்வூர்ப் பெயர். 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அதன் தலைச்சிகரம் நாம் சென்ற அன்று முகிலுள் மறைந்திருந்தது. எனினும், நாம் காணச் சென்றது சிகரத்தையன்று. பழைய மாணவர் ஒருவர் வேலியோரத்தில் வளர்க்கும் பேரி மரங்களையே.

லயத்து அறையை விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் எழுந்த தனி வீட்டுக்கு அவர் குடும்பம் வந்திருக்கின்றது. ஏறத்தாழ 1,900 சதுர அடி கொண்ட அக்காணியில், வீடு போகக் கிளை பரப்பும் மரத்துக்கு இடமேது? ஆகவே, கிளைகளை இருபுறமும் கிடையாக வளைத்துக் கம்பியிற் கட்டுகின்றார். மரம் வேலியளவு இடமே பிடிக்கும். கிடைக்கிளையில் வீண் தழைப்பு அடங்கிப் பூமொட்டும் மிகும். பாரிஸ் நகரையடுத்த மொந்திரேய் ஊரார் 17ஆம் நூற்றாண்டிலேயே பீச் மரங்களைச் சுவரோடு இவ்வாறு வளர்த்தனர். அங்கே பகை குளிர், இங்கே காற்று.

முதலில் ஓரடி ஆழத்தில் நட்ட தூண்கள், ஆடிக் காற்றில் கம்பியோடு சாய்ந்துவிட்டனவாம். இப்போது 8 அடித் தூணில் இரண்டரை அடி மண்ணுள் இருக்கின்றது. கம்பியின் இழுவை முழுவதையும் தாங்குபவை முனைத் தூண்களே; ஆதலால் அவற்றுக்கு உட்புறம் முட்டுக்கால் கொடுத்து, அதன் அடியில் கல் புதைத்திருக்கின்றார். நாகம் பூசிய கம்பி மூன்று வரி. இடைவெளி 18 அங்குலம். நடுத் தூண்களிற் கம்பியை இறுக அறையவில்லை. தளர்ந்தால் முனையிலிருந்து இழுத்து முறுக்கலாம். கிளை உராயாதபடி, பழஞ்சேலைக் கிழிசலை 8 வடிவிற் சுற்றிக் கட்டியிருக்கின்றார்.

“கம்பியத் தாங்குறது தூணு இல்லீங்க சேர், கீழ பொதச்ச கல்லு,” என்றார் மாணவரின் தந்தையார்.

அப்பெரியவர் லயத்தருகே ஆயுள் முழுவதும் பயிரிட்டவை போஞ்சியும் கோவாவுமே. மூன்று மாதத்துக்கு அப்பால் எண்ண அவருக்குத் துணிவிருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுள் அவர் பெற்றோரும் அடங்குவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உறவினர் பலர் கப்பலேறினர். மண் தமதல்லாதபோது, காய்க்க ஆண்டுகள் பலவாகும் மரத்தை யார் நடுவார்?

காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்றார் மாணவர். மரங்களுக்கோ மூன்றாண்டு நிறைந்துவிட்டது. நாம் விடைபெறுகையில், பெரியவர் இரண்டாவது வரிக் கம்பியை விரலாற் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.