ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன்

டெக்சஸின் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான். அங்கும் நீதிமன்றம் உண்டு, பதிவேடும் உண்டு.

அந்த மாநிலத்தில் நிலப்பத்திரம், திருமணப் பதிவு, பல சிறு குற்ற வழக்குகள் எல்லாம் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். பெருங்குற்ற வழக்குகள் டிஸ்டிரிக்ட் கிளார்க்கிடம். மக்கள்தொகை 8,000-க்குக் குறைந்த கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கலாம். எளிய மனிதர் அலையாமல் பதிவுகளைக் கேட்டுப் பெற இது நல்ல ஏற்பாடு.

இதற்கு மாறாக, காசு வாங்கிக்கொண்டு ஒருவரின் கடந்தகாலத்தை விற்கும் இணையதளங்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பெயர் ஒன்றாக இருக்கும், ஆள் வேறாக இருப்பார். கைதான தேதி இருக்கும், வழக்கு தள்ளுபடியானது இருக்காது.

கிளார்க் அலுவலகத்தில் கேளுங்கள். பிறந்த தேதியை ஒப்பிடுங்கள். வழக்கு எப்படி முடிந்தது என்ற கடைசிப் பதிவு வரை படியுங்கள். ஒருவரின் வேலையும் வாடகை வீடும் அதை நம்பித்தான் இருக்கின்றன.