சாடிக்கு அடியில் தங்கிய தண்ணீர்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் கீழ்வீடு எங்களுடையது. பின்னால் எட்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். கறிவேப்பிலை, முருங்கை, இரண்டு செவ்வரத்தை, ஒரு ரம்பைப் பற்றை, மதிலோரம் இருபது இருபத்தைந்து சாடிகள். நான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனை வீட்டில் இந்த அளவு மண்கூட இல்லை. அம்மா பால்மா ரின்னில்தான் துளசி வளர்த்தார். அதனால் இந்தத் துண்டு நிலம் எனக்குப் பொன்னாகத் தெரிந்தது.

2017இல் என் பேரனுக்கு டெங்கு வந்தது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டைக் கொழும்பில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்ததன் பிறகு நகரத்துக் குப்பை தெருத்தெருவாகக் குவிந்து கிடந்தது. மே மாதக் கடைசியில் பெருமழை. வருடம் முடிவதற்குள் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

காய்ச்சல் செய்தி போனதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நேரே பின்வளவுக்குப் போய், சாடிக்கு அடியிலிருந்த தட்டொன்றை எடுத்தார். தண்ணீர் வீணாகப் போகக் கூடாதென்று ஒவ்வொரு சாடிக்கும் நானே வாங்கி வைத்த தட்டுகள் அவை. “ஒவ்வொரு கிழமையும் தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் வைக்கிறனான், தம்பி” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டின் உட்சுவரில் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் நுனியில் மிளகுத் தூளைப்போல் கறுப்புத் துணுக்குகள். நுளம்பு முட்டைகள்.

டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடுகிறது. தண்ணீரை ஊற்றினாலும் முட்டை போகாது. காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். பிறகு ஏழெட்டு நாளில், எங்கள் காலநிலையில் பத்து நாளுக்குள், பறக்கும் நுளம்பாகிவிடும். நான் இவ்வளவு காலமும் தண்ணீரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்; சுவரைத் தேய்க்கவில்லை. அன்றைக்கே தட்டுகளில் பாதியை எறிந்தேன். மிச்சத்தில் மணல் நிரப்பினேன். வாளி, பூவாளி, நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம் எல்லாவற்றையும் இன்றுவரை ஞாயிறுதோறும் தும்புப் பொச்சால் உரஞ்சிக் கழுவுகிறேன்.

இன்னொன்றையும் அன்றுதான் யோசித்தேன். இந்த நுளம்பு பகலில் கடிப்பது. காலையில் வெயில் ஏறுமுன்னும், பின்னேரம் பொழுது சாயுமுன்னும் அதற்கு வேட்டை அதிகம். நாங்கள் செடிக்குத் தண்ணீர் விடுவதும் அதே நேரங்களில்தான். பேரப்பிள்ளை கட்டைக் காற்சட்டையோடு பக்கத்தில் நிற்பான். இப்போது முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடாமல் எவரையும் பின்வளவுக்கு விடுவதில்லை.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. “சுகமாகுது” என்று சொல்லிச் சோறு பிசைந்தேன். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், சத்தி, காலையிலிருந்து சலமும் போகவில்லை. டெங்கில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் தணியும்போதுதான். இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டுக் கசியும் காலம் அது. ஆஸ்பத்திரியில் அவன் குடித்ததையும் கழித்ததையும் மணிக்கணக்காக அளந்து எழுதினார்கள். அந்தக் கணக்குத்தான் அவனைக் காப்பாற்றியது. வீட்டில் பனடோல் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின், புரூபன் வகைகள் இரத்தப்போக்கை வரவழைக்கும், தொடவே கூடாது. மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

தோட்டத்தில் மற்ற ஆபத்துகளும் உண்டு. மழைக்காலத்துச் சீமெந்துத் தரையில் பாசி வழுக்கும். பிரஷர் மாத்திரை எடுக்கும் என் வயதுக்காரர் குந்தியிருந்து களை பிடுங்கிவிட்டுச் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். நான் முக்காலி போட்டுத்தான் இருக்கிறேன். வெள்ளவத்தைக் கானோரங்களில் எலிக்குக் குறைவில்லை. அதன் சலம் கலந்த ஈரமண், கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ஆகவே கையுறை. கறள் பிடித்த ஆணி குத்தினால் ஏற்பூசி. பீலியில் அடைத்த இலையை வழிக்க ஏணியில் ஏறும் வேலையை நான் விட்டுவிட்டேன். அதற்கு இளம் ஆட்களைக் கூப்பிடுகிறேன், ஏணியின் அடியை ஒருவர் பிடித்திருக்கும்படி.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பத் தண்ணீருக்கே போகிறது. ஏனென்றால் வழுக்கி விழுந்தால் அடி எனக்கு. நான் விட்டுவைத்த தண்ணீரில் பிறக்கும் நுளம்பு யாரைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏடிஸ் தூரம் பறப்பதில்லை. என் வளவில் பிறந்தது என் ஒழுங்கைக்குள்தான் இருக்கும். ஒரு மதிலுக்கு அங்காலே பாலர் பாடசாலை.

போன வைகாசியில் மேல்மாடிப் பல்கனியிலிருந்து என் செவ்வரத்தையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அங்கே புதிதாக வந்த பிள்ளை வரிசையாக ஓர்க்கிட் வைத்திருந்தாள். சண்டை பிடிக்கப் போகவில்லை. கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். ரோர்ச்சை அடித்துத் தட்டொன்றின் உட்சுவரைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தன் கைக்குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்ரி, மணல் எங்க வாங்கலாம்?” என்றாள்.

என்னிடம் அரை மூட்டை மிச்சம் இருந்தது. பேரன் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.