ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

வீட்டிலேயே காரைப் பிரித்து மாட்டுகிறவர்களுக்கு ஒரு பொதுவான சோதனை உண்டு. எல்லாம் மாட்டியாகிவிட்டது. பாட்டரியில் சார்ஜ் இருக்கிறது, பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் தெறிக்கிறது. ஆனாலும் வண்டி கிளம்பாது. பொறி வந்தால் மட்டும் போதாது, வரவேண்டிய கணத்தில் வரவேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பெங்களூரில் என் மைத்துனரிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் இருக்கிறது. என் மாமனார் ஓட்டிய வண்டி. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று மைத்துனரே கழற்றிப் புதிதாகப் போட்டார். ஜே.சி. ரோட்டில் உதிரி பாகம் கிடைத்தது. வேலை தெரிந்த கைதான் கிடைக்கவில்லை. (உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இன்றைய மெக்கானிக் பையன்கள் கம்ப்யூட்டரை எங்கே செருகுவது என்று தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?) சாவியைத் திருப்பினால் கார்புரேட்டரில் தும்மல், சைலன்சரில் வெடி. இரண்டு நாள் போராடிவிட்டு, "இன்ஜின் போயிடுச்சு அத்தான், எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்று போன் செய்தார். மாமியார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த இன்ஜின் அவ்வளவு சுலபமாகப் போகிற ஜாதியல்ல. 1489 சி.சி., பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருப்பதால், ஹெட்டைக் கழற்றினாலும் டைமிங் செயின் அசையாது. அசைந்திருக்கக்கூடியது டிஸ்டிரிபியூட்டர் மட்டும்தான். அதன் அடியில் உள்ள நாக்கு மையம் விலகி இருப்பதால் ஒரே விதமாகத்தான் உட்காரும். ஆனால் மூடியைத் துடைக்கிற உற்சாகத்தில் மைத்துனர் நான்கு ஒயர்களையும் உருவியிருந்தார்.

சிக்கல் இங்கேதான். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டருக்கு ஒரு பொறி. புல்லியிலுள்ள குறியோ இரண்டு சுற்றிலும் முள்ளுக்கு நேரே வந்து நிற்கும். ஒன்று அழுத்தத்தின் முடிவு, மற்றது புகை வெளியேறும் முடிவு. குறியை மட்டும் நம்பினால் பாதிக்குப் பாதி ஏமாற்றம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடி, இன்ஜினை மெல்லச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும். அந்தச் சுற்றுதான் சரியானது. அப்போது ரோட்டர் காட்டும் முனைக்கு முதல் ஒயர். அங்கிருந்து ரோட்டர் சுழலும் இடப்புறமாகவே ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாயிண்ட் இடைவெளி. ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். டைமிங் வைத்த பிறகு இதைத் தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும். வரிசையை மாற்றக் கூடாது. பிறகு 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்டிரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் பாடிக்கும் இடையே கட்டி, சாவியைப் போட்டு, குறியை உரிய டிகிரியில் நிறுத்தி, டிஸ்டிரிபியூட்டர் உடலை ரோட்டருக்கு எதிர்த்திசையில் மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பாயிண்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிவிட வேண்டியது. பத்து ரூபாய் பல்பு செய்யும் வேலை இது!

இதில் அலட்சியம் கூடாது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி கடந்துவிடுகிறது. பொறி பிந்தினால் இழுவை போய் இன்ஜின் கொதிக்கும். முந்தினால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அடி விழும். கையால் ஹேண்டில் போடுகிறவர்களுக்கு இது மணிக்கட்டு விஷயம். ஹேண்டில் திருப்பி உதைத்தால் எலும்பு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொன்ன பழைய டிரைவர்கள் விவரமானவர்கள்.

மைத்துனரின் வண்டி இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. ஆனால் கையேட்டில் உள்ள டிகிரி அந்தக் காலப் பெட்ரோலுக்கானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் போயிற்று; 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்தது விற்பனைக்கு வந்தது. அதனால் கடைசித் தீர்ப்பைக் காதுதான் சொல்ல வேண்டும். கனகபுரா ரோட்டு மேட்டில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். சில்லறைக் காசு குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்க வேண்டும். எங்களுக்கு அடங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம். பின் சீட்டில் இருந்த மாமியார், "அவர் இதை வெத்தலை பாக்கு மெல்லுற சத்தம்னு சொல்லுவார்" என்றார்.