சேப்பாக்கத்தில் ஒரு நாள்

ஏலக்காய் மணம் வீசும் போடிநாயக்கனூரிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மேற்கே நிமிர்ந்தால் மலை. வளைந்து வளைந்து ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலத் தோட்டங்கள். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறித் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளும், ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கும் தாய்மாரின் பிள்ளைகளும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். எங்களில் நால்வருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். தெருவிலே ரப்பர் பந்தும், பலகையில் செதுக்கிய மட்டையும்தான் எங்கள் சொத்து. நால்வரில் ஒருத்தி சுழற்பந்து வீசுவாள். யாரும் சொல்லித் தரவில்லை; தொலைக்காட்சியைப் பார்த்தே விரல்களைப் பழக்கிக்கொண்டாள்.

2024 ஜூன் மாதம். நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்திய மகளிர் அணியும் தென்னாப்பிரிக்க மகளிர் அணியும் சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் ஆடப் போவதாகச் செய்தி வந்தது. சேப்பாக்கத்தில் மகளிர் டெஸ்ட் இதற்கு முன் நடந்தது 1976-இல். அப்போது வந்தது மேற்கிந்தியத் தீவுகள் அணி. நம் அணிக்குத் தலைவி, சென்னையிலே பிறந்த சாந்தா ரங்கசாமி. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு டெஸ்ட்! அதுவும் நுழைவுக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் வீட்டில் அனுமதி வேண்டுமே! சுழற்பந்துத் தோழியின் தந்தையார், "பெரிய பிள்ளையாயிட்ட. இனிமே பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். படிப்பைப் பாரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுடைய தாயார் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். கணவர் முன் அதிகம் பேசாத அவர், அன்று மட்டும், "பிள்ளைகளைத் தனியாவா அனுப்பப் போறோம்? நானும் கூடப் போயிட்டு வர்றேன். நானும் மெட்ராஸைப் பார்த்ததில்லை" என்றார். இரண்டு நாள் கூலி போகுமே என்று நாங்கள் தயங்கினோம். அத்தை சிரித்துக்கொண்டே சீட்டுப் பணத்தை எடுத்து முடிந்துகொண்டார். எங்கள் விளையாட்டு மிஸ்ஸும் துணைக்கு வருவதாகச் சொன்னார். தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். திரும்பி வந்து கண்டதையெல்லாம் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

எங்கள் ஊர் ரயிலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் போடி ரயிலை நிறுத்தினார்கள். மீண்டும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15 அன்று. எங்களுக்கு முன் படித்த அக்காமார் பலர் ஊரில் ரயிலைப் பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்தார்கள். சென்னை ரயில் வாரத்தில் மூன்று நாள் இரவில் போடியிலிருந்து புறப்படுகிறது. 27-ஆம் தேதி வியாழன் இரவு ஏறினோம். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் தூக்கத்திலேயே கடந்து போயின. காலையில் சென்ட்ரல் நிலையத்தில் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவில் சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

ஆட்டம் ஒன்பதரை மணிக்கு. அதற்கு முன்பே உள்ளே போய்விட்டோம். அங்கே நாங்கள் கண்டது ஆட்டத்திற்கு முந்திய பயிற்சி. வாசகர்களே, எங்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது அதுதான்!

அமெரிக்காவிலே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கே போட்டிக் காலம் தொடங்குமுன், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாதி அணிகள் புளோரிடாவிலும் மீதி அணிகள் அரிசோனாவிலும் கூடிப் பயிற்சி செய்யுமாம். அந்தப் பயிற்சியைக் காணவே ரசிகர்கள் குடும்பத்தோடு வெகு தூரம் பயணம் போவார்களாம். இதைப் படித்தபோது, பயிற்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. நம் சென்னையிலும் 2018, 2019 மார்ச் மாதங்களில் சூப்பர் கிங்ஸ் அணியின் பயிற்சியைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஏன் கூடினார்கள் என்பது அன்று காலையில்தான் எங்களுக்கு விளங்கியது.

தொலைக்காட்சி பந்து போகும் இடத்தை மட்டுமே காட்டும். நேரில் அப்படியல்ல. ஒரு பக்கம் வரிசையாக நின்று தாழ்வாக வரும் பந்துகளைப் பிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒற்றைக் குச்சியை நட்டுவைத்து அதை நோக்கி எறிகிறார்கள். பந்து குச்சியில் படவில்லை என்றால் யாரும் கோபிக்கவில்லை. அடுத்த பந்தை எடுக்கிறார்கள். அன்று ஆடப் போகாத பெண்களும் ஆடப் போகிறவர்களைப் போலவே ஓடி வேர்க்கிறார்கள். கைகளில் பந்து வந்து விழும் ஓசை எங்கள் இருக்கை வரை கேட்டது. கூட்டம் குறைவு என்பதால் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும் கேட்டது. எங்கள் தோழி மட்டும் பேசவே இல்லை. சுழற்பந்து வீசுவோரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாணயச் சுண்டலில் நம் தலைவி ஹர்மன்பிரீத் கவுர் வென்று, முதலில் ஆடத் தீர்மானித்தார். ஷபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தானாவும் களம் இறங்கினார்கள். என்னே அந்த ஆட்டம்! முதல் விக்கெட் விழும்போது ஓட்டங்கள் 292. மகளிர் டெஸ்டில் தொடக்க இணை இவ்வளவு எடுத்தது அதுவே முதல் முறை. மந்தானா 149. ஷபாலி 205, அதில் 23 பவுண்டரிகள், 8 சிக்சர்கள். 194 பந்துகளில் இருநூறைத் தொட்டார்; மகளிர் டெஸ்டில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகத் தொட்டதில்லை. மாலையில் ஆட்டம் நின்றபோது இந்தியா 4 விக்கெட் இழப்புக்கு 525. மகளிர் டெஸ்டில் ஒரே நாளில் அத்தனை ஓட்டங்கள் அதற்கு முன் எடுக்கப்பட்டதே இல்லை.

அரியானாவின் ரோத்தக்கைச் சேர்ந்த ஷபாலிக்கு அப்போது வயது இருபது. சிறுமியாக இருந்தபோது பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் பயிற்சிக்கூடம் கிடைக்காமல், முடியைக் கத்தரித்து ஆண்பிள்ளை போலப் போய் விளையாடியவர் அவர். இதை மிஸ் சொன்னபோது அத்தை ஒரு கணம் தம் மகளின் பின்னலைப் பார்த்தார்.

அத்தைக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் நாங்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்தார். "அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பாருங்கடி. காலையிலேருந்து அடி வாங்குது. வெயில்ல குனிஞ்சு நிமிர்ந்து ஓடுது. இருந்தாலும் ஒண்ணுகூட உட்காரலை" என்றார். அதன் பிறகு நாங்களும் தென்னாப்பிரிக்கப் பெண்களைக் கவனிக்கலானோம். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் வீசியவள் திரும்பி நடந்து, தன் இடத்துக்குப் போய், மறுபடி ஓடி வந்தாள். நாள் முழுவதும் அப்படியே!

பிற்பகலில் அத்தை மெல்லக் கேட்டார்: "இவங்களுக்குக் கூலி உண்டா?"

தோழிதான் பதில் சொன்னாள். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம், ஆண்களுக்குத் தரும் அதே ஆட்டக் கட்டணத்தைப் பெண்களுக்கும் தருவதாக அறிவித்தது. ஒரு டெஸ்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய். அத்தை வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலியா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தொகை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "ஒரே" என்ற சொல்தான் பெரிதாகப் பட்டது.

ஆட்டம் முடிந்ததும் மெரினாவுக்கு நடந்தோம். மலையை மட்டுமே கண்டு வளர்ந்த எங்களில் இருவர் அன்றுதான் கடலைக் கண்டனர். இரவு பத்தரை மணி ரயிலைப் பிடித்து, மறுநாள் காலை ஊர் திரும்பினோம்.

பிறகு நடந்தவற்றைச் செய்தித்தாளில் படித்தோம். சுழற்பந்து வீசும் சினே ரானா முதல் இன்னிங்ஸில் 77 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். தொடர்ந்து ஆட நேர்ந்தபோதும் தென்னாப்பிரிக்கா துவண்டுவிடவில்லை. தலைவி லாரா வோல்வார்ட்டும் சூன் லூசும் சதம் அடித்தார்கள். அன்று வெயிலில் ஓடி ஓடிப் பந்து பொறுக்கியவர்கள் அவர்கள்தாம்! ஜூலை முதல் தேதி இந்தியா பத்து விக்கெட்டுகளில் வென்றது.

சிஸ்டரின் நிபந்தனைப்படி வகுப்பில் பேசினோம். மைதானத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. இப்போது ஆறாம் வகுப்புத் தங்கைகளும் வருகிறார்கள். சேப்பாக்கத்தில் கண்டபடியே ஒற்றைக் குச்சியை நட்டு எறிந்து பழகுகிறோம்.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி அதே தென்னாப்பிரிக்கா. தோழியின் வீட்டில் கூடியிருந்தோம். ஷபாலி 87 ஓட்டங்கள் அடித்தார். நள்ளிரவை ஒட்டி, சுழற்பந்து வீசிய தீப்தி சர்மா தமது ஐந்தாவது விக்கெட்டை எடுக்க, நம் மகளிர் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றனர். எல்லாரும் கத்திக்கொண்டிருக்க, தோழியின் தந்தையார் மகளிடம், "இந்தப் பிள்ளை போடுறது நீ போடுற மாதிரிதானே?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றாள் அவள். மாவட்டத் தேர்வுக்குப் போக அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு. தேர்வு முடிந்தால் நாங்கள் ஆளுக்கொரு திசை போவோம். அன்புத் தங்கையரே, சனிக்கிழமைக் காலை இனி உங்களுடையது. குச்சியும் பந்தும் விளையாட்டு அறை அலமாரியில் இருக்கின்றன. பந்து குச்சியில் படாவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள்; அடுத்த பந்தை எடுங்கள். மைதானம் காலியாக இருந்துவிடக் கூடாது!