எல்லாரும் கப்பலில் வந்தவர்கள்

மொரீஷியஸ் தீவுக்குப் பூர்வகுடிகள் என்று யாரும் கிடையாது. 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது அங்கே இருந்தவை காடும், ஆமைகளும், பறக்கத் தெரியாத டோடோ பறவையும்தான். அதற்குப் பிறகு குடியேறிய எல்லாருமே கப்பலில் வந்தவர்கள். தலைநகர் போர்ட் லூயிஸைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஊர் வேறு மாதிரி தெரியும். யார், எப்படிப்பட்ட கப்பலில் வந்தார்கள் என்பதுதான் அந்த ஊரின் கதை.

கும்பகோணத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவும் மகளும் அப்படித்தான் ஒரு நாள் அந்த ஊரைச் சுற்றினார்கள். அம்மா தபால் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளுக்குப் பெங்களூரில் வேலை. ஒரு வாரப் பயணம். முதல் நான்கு நாட்கள் கடற்கரை விடுதி, படகு, நீலத் தண்ணீர் என்று போயின. ஐந்தாம் நாள் அம்மா சொல்லிவிட்டார், “கடலை நாகப்பட்டினத்துலயே பாத்துக்கலாம்டி. இங்க இருக்கற ஜனங்களப் பாக்கணும்.”

குழுவாகப் போகும் பேருந்தில் ஓர் இடத்துக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். அதனால் மகள், காரோடு ஒரு வழிகாட்டியைத் தனியாக ஏற்பாடு செய்தார். செலவு கூடுதல்தான். ஆனால் நின்று கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால் வாரநாளாகப் பார்த்துப் புறப்பட்டார்கள்.

வழிகாட்டிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவருடைய குடும்பப் பெயர் முருகனின் பெயர்களில் ஒன்று. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கொஞ்சம் உருமாறியிருந்தது. அம்மா முகம் மலர்ந்து, “தம்பி, தமிழா?” என்றார். அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னார். “தமிழன்தான் மேடம். தமிழ் பேசத்தான் வராது.” பள்ளிக்கூடத்தில் விருப்பப் பாடமாகக் கொஞ்ச காலம் படித்தாராம். தன் பெயரை மட்டும் தமிழில் எழுதத் தெரியுமாம். வீட்டில் எல்லாரும் பேசுவது கிரியோல்.

அம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “பேரு மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?” என்று மகளிடம் முணுமுணுத்தார்.

சந்தையில் கேட்ட தமிழ்

துறைமுகத்துக்கு எதிரே, பனை மரங்கள் வரிசையாக நிற்கும் சதுக்கத்தில் சுற்று தொடங்கியது. அங்கே நிற்பது லா பூர்தொனேயின் சிலை. 1735-ல் பிரெஞ்சு ஆளுநராக வந்து, இந்தத் துறைமுகத்தைத் தலைநகராக்கியவர். 1746-ல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவரும் இவரேதான். கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். “அடிமைகளையும் கொண்டுவந்தார்கள் மேடம். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் நிறைய, இந்தியாவிலிருந்தும் கொஞ்சம். இந்த ஊரின் முதல் கற்களை அடுக்கியவர்கள் இவர்கள்தான்” என்றார் வழிகாட்டி.

அடுத்து மத்தியச் சந்தை. காய்கறிக் கடைகளுக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கட்டு முருங்கைக் கீரையைத் தூக்கிக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். கடைக்கார அம்மாள், ஆப்பிரிக்க வம்சாவளி போலத் தெரிந்தவர், “பிரெட் முரும்” என்றார். பிரெட் என்றால் கீரை. முரும் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையைக் காட்டினால் “கறிப்புலே”. கொத்தமல்லி “கொத்தோமிலி”. பீர்க்கங்காய் “பீப்பங்காய்”. ரசத்துக்கு “ராசோம்”.

“இதெல்லாம் தமிழா?” என்று வழிகாட்டிதான் இப்போது ஆச்சரியப்பட்டார். கிரியோல் என்றே நினைத்திருந்தாராம். அந்தக் கீரைக்கார அம்மாளும் அப்படித்தான் நினைத்திருப்பார். பேச்சு போன பிறகும் சமையலறைப் பெயர்கள் தங்கிவிட்டன. தமிழர் வீட்டில் மட்டும் தங்கவில்லை, தீவு முழுவதற்கும் பொதுவாகிவிட்டன.

வெளியே தால் பூரி வாங்கிச் சாப்பிட்டார்கள். வெல்லம் போடாத பருப்புப் போளி என்று நினைத்துக்கொள்ளலாம். நடுவே காரமான குழம்பு தடவித் தருகிறார்கள். பக்கத்திலேயே “காத்தோ பிமா” பொரிந்துகொண்டிருந்தது. நம் பருப்பு வடையின் தம்பி.

காசு கொடுக்கும்போது அம்மா ரூபாய் நோட்டை உற்றுப் பார்த்தார். தமிழில் எழுதியிருந்தது. மொரீஷியஸ் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், ஹிந்தி மூன்றும் உண்டு. 1998-ல் வெளியான நோட்டுகளில் தமிழுக்கு மேலே ஹிந்தி வந்துவிட்டது. தமிழர்கள் போராடினார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. நோட்டில் இருக்கும் முகங்களிலும் ஒரு கணக்கு உண்டு. 25 ரூபாயில் சீன வம்சாவளியினரான ஆ-சுவென், 100-ல் தமிழரான ரெங்கநாதன் சீனிவாசன், 200-ல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 1000-ல் கிரியோல் தலைவர் கேத்தன் துவால், 2000-ல் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். “எங்கள் பர்ஸைத் திறந்தால் நாடே உள்ளே இருக்கும்” என்றார் வழிகாட்டி.

மலை மேலிருந்து தெரிவது

சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜும்மா பள்ளிவாசல். 1850-களில் கட்டத் தொடங்கியது. முற்றத்தில் ஒரு பெரிய பாதாம் மரம். மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவிலேயே சீனர்களின் பகுதி. கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கடன் நோட்டுப் போட்டு அரிசியும் எண்ணெயும் கொடுத்த சில்லறைக் கடைக்காரர்கள் அவர்கள். சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது வழக்கம்.

“எல்லாரும் எவ்வளவு ஒத்துமையா இருக்காங்க!” என்றார் அம்மா. மகள் அதை மொழிபெயர்த்தார். வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு, ஊருக்கு நடுவே குன்றின் மேல் இருக்கும் அடிலெய்ட் கோட்டைக்கு அழைத்துப் போனார். ஆங்கிலேயர்கள் 1834-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. மேலே நின்றால் துறைமுகம் ஒரு பக்கம், மலைகள் ஒரு பக்கம், காலடியில் குதிரைப் பந்தய மைதானம்.

அந்த மைதானத்தைக் காட்டினார். 1968 மார்ச் 12-ம் தேதி சுதந்திரக் கொடி ஏறிய இடம் அது. பிறகு கையைக் கொஞ்சம் நகர்த்தி, நெருக்கமாக வீடுகள் தெரிந்த பகுதிகளைக் காட்டினார். கொடி ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஜனவரியில், இந்த ஊரில் கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. பிரிட்டிஷ் படை வந்துதான் அடங்கியது. கலந்து வாழ்ந்த தெருக்கள் பிரிந்தன. “என் பாட்டி இருந்த சந்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். ஒரே வாரத்தில் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாட்டி கடைசிவரை அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசுவார்” என்றார்.

1999-ல் கயா என்ற பாடகர் காவலில் இறந்தபோதும் ஊர் எரிந்தது. அதனால்தான் இங்கே எதையும் எடை போட்டுச் செய்கிறார்கள். தைப்பூசக் காவடிக்கு விடுமுறை, சீனப் புத்தாண்டுக்கு விடுமுறை, ரம்ஜான், மகா சிவராத்திரி, யுகாதி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் விடுமுறை. தேர்தல் முடிந்த பிறகும், எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்ததோ அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் எட்டு இடம் வரை கூடுதலாகத் தர சட்டத்திலேயே வழி இருக்கிறது. அது சரியா தவறா என்று அங்கே இன்றும் விவாதம் நடக்கிறது. “ஒற்றுமை இருக்கிறது மேடம். ஆனால் அது தானாக இருப்பதில்லை. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.”

இரண்டு தபால்தலைகள்

மதியத்துக்கு மேல் கடலோரமாக இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகம். இது மகள் தன் அம்மாவுக்காகவே சேர்த்த இடம். 1847-ல் மொரீஷியஸ் வெளியிட்ட இரண்டு தபால்தலைகள் அங்கே இருக்கின்றன. ஒரு பென்னி செம்மஞ்சள், இரண்டு பென்னி நீலம். வகைக்கு ஐந்நூறு மட்டுமே அச்சானவை. இன்று உலகத்திலேயே இருபத்தேழுதான் மிஞ்சியிருக்கின்றன. 1993-ல் உள்ளூர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏலத்தில் வாங்கித் தாயகத்துக்குக் கொண்டுவந்தன. சாயம் மங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்கள் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களும் அம்மா கண்ணாடியை விட்டு நகரவில்லை. லட்சக்கணக்கான தபால்தலைகளில் முத்திரை குத்திய கை அவருடையது.

கடைசியாக, பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கும் அடிமை முறை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அருகிலேயே இருக்கும் ஆப்ரவாசி காட் என்ற படித்துறைக்கு வந்தார்கள். இரண்டும் பக்கத்தில் இருப்பது பொருத்தம்தான். 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. நஷ்டஈடு அடிமைகளுக்குக் கிடைக்கவில்லை, முதலாளிகளுக்குக் கிடைத்தது. கரும்புத் தோட்டத்துக்கு வேறு ஆள் வேண்டும். 1834 நவம்பர் 2-ம் தேதியே ‘அட்லஸ்’ என்ற கப்பலில் முப்பத்தாறு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியிருந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய். 1920-க்குள் வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை.

இந்தப் படித்துறை 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தேய்ந்த கருங்கல் படிகள், தங்கும் கொட்டகையின் அடித்தளம், சமையல் கட்டு போன்ற சில பகுதிகள்தான் மீதம். கடல் இப்போது தள்ளிப் போய்விட்டது. பக்கத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருந்தது.

அங்கேதான் வழிகாட்டி கொஞ்சம் தயங்கி, தன் கைப்பேசியை எடுத்தார். தொழிலாளர்களைப் பற்றிய பழைய பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே விண்ணப்பித்து, தன் முப்பாட்டனாரின் பதிவை அவர் வாங்கியிருந்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் தழும்பு, கப்பல் ஏறியது சென்னையில், ஜில்லா தஞ்சாவூர். கிராமம் என்ற இடத்தில் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருந்தார். வாசித்தால் “பூடூர்” என்று வந்தது. வரைபடத்தில் தேடியும் அப்படி ஓர் ஊர் கிடைக்கவில்லை. “நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். அதனால்தான் கேட்கிறேன்” என்றார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாதி எழுதிய முகவரி, தப்பாக எழுதிய ஊர்ப் பெயர், மழையில் கரைந்த மை, இவற்றைப் படிப்பதுதான் அவர் முப்பத்தைந்து வருடம் செய்த வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த எழுத்தர் மற்ற இடங்களில் ‘த’வை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டார். வாய்க்குள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“கொள்ளிடம் பக்கத்துல ஒரு புத்தூர் இருக்கு. நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு புத்தூர். தஞ்சாவூருக்கு அந்தண்ட பூதலூர். இந்த மூணுல ஒண்ணா இருக்கலாம் தம்பி. எதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது.”

மகள் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் கேட்டுக்கொண்டார். ஒன்றுமே இல்லாத இடத்தில் மூன்று ஊர் கிடைத்திருக்கிறது. அந்த ஊர்ப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அம்மா சொல்ல, இரண்டு மூன்று முறை திருப்பிச் சொன்னார்.

அம்மா கைப்பையிலிருந்து காகிதம் எடுத்து மூன்று பெயர்களையும் தமிழில் பெரிதாக எழுதினார். கீழே ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு, யாரிடமும் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பின்கோடும் எழுதினார்.

“மூணு ஊருக்கும் ஒரு கடுதாசி போடுப்பா. போஸ்ட் மாஸ்டர்னு போட்டாலே போதும், போய்ச் சேர்ந்துடும். உன் அட்ரஸை மட்டும் தெளிவா எழுது.”