கௌப்: ரைன் நதியின் சுங்கத்துறை

ஜெர்மனி தேசத்தின் படத்தை விரித்து, ரைன் நதியை மைன்ஸ் நகரத்திலிருந்து விரலால் தொடர்ந்து செல்வோமாயின், பிங்கன் என்னும் ஊரைத் தாண்டியதும் இரு மருங்கிலும் மலைகள் வந்து நதியை நெருக்குவதைக் காண்போம். அதுவரை அகன்று பரந்து வந்த ஆறு, அங்கிருந்து கோப்ளென்ஸ் வரையில் சுமார் 65 கிலோமீட்டர் தூரம் குறுகிய பள்ளத்தாக்கிலே ஓடுகிறது. அப்பள்ளத்தாக்கின் வலக்கரையில், மலைக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூரே கௌப். ஜனத்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றுக்கு மேலே கூட்டன்பெல்ஸ் கோட்டை. இத்துணைச் சிறிய ஊரைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று நேயர்கள் வினவலாம். ஒரு மாநதியின் கழுத்து இவ்வூரின் பிடியில் பல நூற்றாண்டுகள் இருந்தது என்பதே விடை.

ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் ஒரு பாறைத் திட்டு உண்டு. 1327-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய மன்னன் லுத்விக் அதன்மேல் ஐங்கோணக் கோபுரமொன்றை எழுப்பினான். சில ஆண்டுகளில் அதனைச் சூழ அறுகோண மதிலும் எழுந்தது. பால்ஸ்கிராபன்ஸ்டைன் என்னும் பெயருடைய அக்கோட்டை, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் கற்கப்பலைப் போலத் தோன்றும். பகைவரைத் தடுப்பதைவிட வர்த்தகரைத் தடுப்பதே அதன் முக்கிய வேலை. சுங்கம் செலுத்தாத கப்பல் மேற்செல்ல இயலாது. இவ்வாறே நதி நெடுக ஒவ்வொரு சிற்றரசனும் ஒரு துறையை வைத்துப் பணம் பறித்தான். நதி ஒன்று, ஜனங்களின் பாஷை ஒன்று. அதிகாரமோ பலவாகச் சிதறிக் கிடந்தது. அதன் சுமையெல்லாம் முடிவில் பண்டம் வாங்கும் குடியானவன் தலையிலேயே விழுந்தது.

1813-ஆம் ஆண்டின் கடைசி இரவில் இவ்வூர் வேறொரு காட்சியைக் கண்டது. நெப்போலியனைத் துரத்திச் சென்ற பிரஷியத் தளபதி புளூக்கர், இவ்விடத்தையே ஆற்றைக் கடக்கத் தேர்ந்தெடுத்தார். முதற் படையினர் படகுகளில் அக்கரை சேர்ந்தனர். ருஷியப் படையினர் கித்தான் போர்த்த படகுகளை இணைத்து, நடுவிலுள்ள திட்டைத் துணையாகக்கொண்டு பாலம் அமைத்தனர். வெள்ளத்தின் வேகம் அதை ஒருமுறை சிதைத்தது, மீண்டும் கட்டினர். சில தினங்களுக்குள் பதினாயிரக்கணக்கான வீரர் கடந்துவிட்டனர். அத்தளபதிக்கு 1894-ல் இங்கே சிலை நாட்டப்பெற்றது.

அந்நியன் அகன்ற பின்னரும் சுங்கம் அகலவில்லை. நாஸௌ சிற்றரசைப் பிரஷியா 1866-ல் கைக்கொண்ட பிறகே கௌப்பின் சுங்கத்துறை மூடப்பட்டது. 1868-ல் மன்ஹைம் உடன்படிக்கை, ரைன் நதியில் கப்பல் போக்குவரத்துக்குச் சுதந்திரத்தை உறுதி செய்தது.

ஊரின் சோதனை அதனுடன் தீரவில்லை. முதல் மகாயுத்தத்துக்குப் பின் நேசநாடுகள் மைன்ஸையும் கோப்ளென்ஸையும் மையமாக வைத்து, 30 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டங்கள் வரைந்து ஆக்கிரமித்தன. இரு வட்டங்களும் ஒன்றையொன்று தொடவில்லை. இடையில் எஞ்சிய குறுகிய நிலத்தில் கௌப்பும் அண்டை ஊராகிய லோர்ஹும் அகப்பட்டுக்கொண்டன. ரயில்கள் நில்லாமற் சென்றன. பண்டங்கள் மலைப்பாதைகளில் வண்டிகளிலும், இரவில் களவாகவும் வந்தன. படத்தில் புட்டிக் கழுத்தைப் போலத் தோன்றியமையால் ஜனங்கள் அதனைப் ‘புட்டிக் கழுத்துச் சுதந்திர நாடு’ என்று வேடிக்கையாக அழைத்தனர். அவசரத்துக்குக் காகித நாணயமும் அச்சிட்டுக்கொண்டனர். 1919 முதல் 1923 வரை இந்நிலை நீடித்தது. எங்கோ மேஜைமேல் வரைந்த கோட்டினால் ஏழை எளியவர் படும் துன்பத்துக்கு இது நல்ல உதாரணம்.

இன்று கௌப்பின் பெயரைக் கப்பல் முதலாளிகள் தினந்தோறும் உச்சரிப்பது வேறு காரணத்தினால். அங்கே ஆற்றின் ஆழம் குறைவு. அவ்வூரின் நீர்மட்ட அளவுகோலைப் பார்த்தே, கடல்முகத்திலுள்ள ராட்டர்டாமிலிருந்து மேல்நோக்கி வரும் சரக்குக் கப்பல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று நிர்ணயிக்கிறார்கள். 2018 அக்டோபரில் அது வெறும் 25 சென்டிமீட்டர் காட்டியது. அளவுகோலின் எண் முழு ஆழமன்று. கப்பல் செல்லும் வழியில் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நீர் இருக்கும். ஆயினும் கப்பல்கள் பாரத்தின் சிறு பகுதியையே சுமக்க முடிந்தது. மேலேயுள்ள லுத்விக்ஸ்ஹாபனின் பெரிய ரசாயனத் தொழிற்சாலையும் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது. 2022-ன் கோடையிலும் நீர் மிகத் தாழ்ந்தது.

முன்னாளில் மனிதன் இங்கே நின்று நதியின்மேல் வரி விதித்தான். இப்பொழுது வறண்ட நதி மனிதன்மேல் வரி விதிக்கிறது. முதல் வரியை ஜனங்கள் ஒன்றுபட்டு ஒழித்தார்கள். இரண்டாவதற்கும் வேறு வழியில்லை: மலைப்பனி முதல் கடல்முகம் வரை நதியை ஒரே சொத்தாகக் கருதி, அதன் கரையில் வாழும் தேசங்கள் யாவும் சேர்ந்து பேண வேண்டும். அற்ப ஊராயினும் கௌப் கற்பிக்கும் பாடம் அற்பமன்று.